எப்சிலான் லைரே: 70 மி.மீ. தொலைநோக்கியில் நான்குக்குப் பதில் இரண்டே தெரிகிறது

எப்சிலான் லைரே, வேகா என்ற பிரகாசமான விண்மீனுக்கு அருகில் நான்கு விண்மீன்கள் சேர்ந்த தொகுதி. உங்களுக்கு இரண்டு மட்டும் தெரியக் காரணம் உருப்பெருக்கம் போதாததுதான், தொலைநோக்கியில் குறை இல்லை. 700 மி.மீ. குவியத் தூரத்துக்கு நீங்கள் போட்ட 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) 28 மடங்குதான் தரும். அதில் தெரிவது 208 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) விலகிய அகன்ற ஜோடி. அதன் ஒவ்வொரு விண்மீனும் மறுபடி இரண்டு; இடைவெளி சுமார் 2.3 ஆர்க்செகண்ட். 70 மி.மீ. லென்ஸ் 1.7 ஆர்க்செகண்ட் வரை பிரிக்கக்கூடியது.

10 மி.மீ. ஐபீஸோடு உங்களிடமுள்ள 2 மடங்கு பார்லோவை (உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் துணை லென்ஸ்) சேருங்கள். 140 மடங்கு கிடைக்கும்.

அப்புறம் ஒவ்வொரு ஜோடியும் நீளும் திசையைக் கவனியுங்கள். இரண்டு ஜோடிகளும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் செங்குத்தாக இருக்கும், அழகே அதுதான்! இரண்டும் ஒரே பக்கம் இழுபட்டால் அது பிரிவு இல்லை, ஒளியியல் சீரமைப்புக் கோளாறாக இருக்கலாம்.

காற்று அலையும் இரவில் எந்த ஐபீஸும் உதவாது. தொலைநோக்கியை அரை மணி நேரம் வெளியே ஆறவிட்டு, வேகா உச்சியை நெருங்கியதும் பாருங்கள்.