நகலுக்கு நகல்

கேள்வி: மூலப்பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. நம் கையில் இருக்கும் வேதாகமம் நகலுக்கு நகல் எடுத்த நகல். இதை ஒரு கிறிஸ்தவர் எப்படி ஐயா நம்புவது?

பதில்: ‘நகல்’ என்ற சொல்லை மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள், குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல. அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்கிறேன். திருக்குறளும் சிலப்பதிகாரமும் நமக்கு நகலாகத்தான் வந்தன. வள்ளுவர் கைப்பட எழுதிய ஓலை யாரிடமும் இல்லை. சுவடிப் பதிப்பு தெரிந்தவர்களைக் கேளுங்கள். ஒரே ஒரு படி கிடைத்தால்தான் அவர்களுக்குக் கவலை. அதில் பிழை இருந்தால் காட்டிக்கொடுக்க இன்னொன்று இல்லையே! பத்துப் படி கிடைத்தால் பாடபேதம் (படிக்குப் படி சொல் மாறுவது) பெருகும், வேலையும் பெருகும், கவலை குறையும்.

படி எடுப்பவர் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஊகிக்கக்கூடியவை. முதலாவது கண் தாவல். ஒரே தொடர் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால், முதலாவதை எழுதிவிட்டு நிமிர்ந்தவர் திரும்பும்போது கண் இரண்டாவதில் போய் விழும். நடுவில் உள்ளது போய்விடும். 1947இல் சாக்கடலை ஒட்டிய கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயா சுருளில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. 40ஆம் அதிகாரம் 7, 8 வசனங்களில் ‘புல் உலர்ந்து பூ உதிரும்’ இரண்டு முறை வருகிறதல்லவா? எழுதியவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிட்டார். கர்த்தரின் ஆவி ஊதுவதும் ‘ஜனமே புல்’ என்பதும் விடுபட்டன. பிற்பாடு வேறொரு கை அதை வரிக்கு மேலே தொடங்கி, இடம் போதாமல் ஓரத்தில் கீழ்நோக்கி எழுதிச் சேர்த்தது. தேவனுடைய வசனம் என்றென்றைக்கும் நிற்கும் என்று சொல்லும் அதே இடத்தில்தான் இந்தச் சறுக்கலும் இந்தத் திருத்தமும். அந்த ஓரத்து எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு விசுவாசம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

அந்தச் சுருளின் நீளம் சுமார் 7.3 மீட்டர், 66 அதிகாரங்களும் உண்டு, காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டையொட்டியது. எபிரெய வேதாகமம் முழுவதும் உள்ள மிகப் பழைய சுவடியோ கி.பி. 1008ஐ ஒட்டியது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. ஒப்பிட்டால் வேறுபாடுகள் ஏராளம், பெரும்பாலும் எழுத்துக்கூட்டலில். சில பொருளையும் தொடும்: 53:11இல் ‘ஒளி’ என்ற சொல் கும்ரான் சுருளிலும் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் உண்டு, பிற்கால எபிரெயப் படியில் இல்லை. ஏசாயா சொல்லவந்த செய்தி இரண்டிலும் அதே செய்திதான்.

இரண்டாவது, காதுப் பிழை. நம் ஓலைகளில் ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வரிவடிவம் ஒன்றே என்பதால் பதிப்பித்தவர்கள் பட்ட பாடு தெரியும். கிரேக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து இருந்தும் ஒலி ஒன்றாகிவிட்டது. ரோமர் 5:1இல் அந்த ஓர் எழுத்து மாறினால் ‘சமாதானம் பெற்றிருக்கிறோம்’ என்பது ‘பெற்றிருப்போமாக’ என்றாகும். இரு பாடத்துக்கும் பழைய சுவடிகள் உள்ளன.

மூன்றாவது, எண். 2 நாளாகமம் 22:2இல் யூதாவின் ராஜா அகசியா அரியணை ஏறும்போது வயது 42. அதற்கு முந்தைய வசனங்களைப் பாருங்கள்: தகப்பன் யோராம் 32 வயதில் ராஜாவாகி 8 ஆண்டுகள் அரசாண்டு இறந்தான், அதாவது 40 வயதில். தகப்பனைவிட மகன் இரண்டு வயது மூத்தவன்! 2 இராஜாக்கள் 8:26 அதே அகசியாவுக்கு 22 என்கிறது. சில கிரேக்கப் படிகளும் சிரியாக் மொழிபெயர்ப்பும் நாளாகமத்திலேயே 22 என்கின்றன. நகல்கள் பல இருந்ததால் பிழை பிடிபட்டது.

‘ஒரு புள்ளிகூட மாறவில்லை’ என்று மேடையில் முழங்குகிறவர்களோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய வழக்கு உண்டு. அது உண்மையல்ல, அதனால் சொல்லக்கூடாது. அதை நம்பி வளர்ந்த பிள்ளை அகசியாவின் வயதைப் பார்த்த அன்றே மொத்தத்தையும் தூக்கி எறிந்துவிடும். புதிய ஏற்பாட்டுக்கு 5,000க்கும் மேற்பட்ட கிரேக்கப் பிரதிகள் என்று எண்ணிக்கை சொல்பவர்கள், பெரும்பாலானவை 9ஆம் நூற்றாண்டுக்கும் அதற்குப் பின்னும் எழுதப்பட்டவை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். ஒரு பிழையுள்ள படியைப் பார்த்து நூறு பேர் எழுதினாலும் சாட்சி ஒன்றுதான்.

1 யோவான் 5:7ஐ எடுங்கள். ‘பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி’ என்ற வரி இலத்தீன் வழியே வந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்த அறிஞர் எராஸ்மஸ் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் பதிப்புகளில் இல்லை, 1522இல் நுழைந்தது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இன்றும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் திரித்துவம் (பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற போதனை) விழுந்துவிடுமா? 4ஆம் நூற்றாண்டில் குமாரன் பிதாவுக்குச் சமமல்ல என்ற ஆரியுஸை எதிர்த்து வாதாடிய கிரேக்கத் திருச்சபைப் பிதாக்கள் இந்த வரி இல்லாமலேயே வாதாடினார்கள்.

சுவடிகளால் ஒன்றைத்தான் சொல்ல முடியும்: எழுதப்பட்டது இதுதான் என்று. எழுதியது நடந்ததா என்பது வேறு விசாரணை. லூக்கா தன் முதல் நான்கு வசனங்களில் ‘திட்டமாய் விசாரித்தறிந்த’தாகச் சொல்கிறார். அந்தச் சாட்சியை ஏற்பதா என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். நான் ஏற்றிருக்கிறேன்.

கடைசியாக, பதிப்பகத்தாரிடம் ஒரு விண்ணப்பம்: அடிக்குறிப்புகளை இடமில்லை என்று வெட்டாதீர்கள். வாசகரே, உங்கள் பிரதியில் மாற்கு 16:8க்குப் பின் குறிப்பு ஏதும் இல்லையென்றால், சீனாய், வத்திக்கான் என்ற மிகப் பழைய கிரேக்கச் சுவடிகளில் மாற்கு இங்கே முடிகிறது என்று பென்சிலால் எழுதுங்கள். யோவான் 7:53 முதல் 8:11 வரை அந்த இரண்டிலும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வரிக்கு மேலே இடம் போதாவிட்டால் ஓரத்தில் கீழ்நோக்கி எழுதலாம்.