டோவர் பாறைமேல் இல்லாத பறவை

(வாசகர் கேள்விகளுக்கு ஓர் இசை ஆசிரியையின் பதில்கள்)

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, இரண்டாம் உலகப்போர் காலத்துப் பாடல்களை வைத்து நடத்திய ஒரு மேடை நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனாள். ராணுவ உடை, கொடி, சைரன் சத்தம், நடுவே எல்லாரும் எழுந்து பாட்டு. எனக்கு மனசு ஒப்பவில்லை. அத்தனை பேர் செத்த போரைப் பாடிக் கொண்டாடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதல் தடவை எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2012இல் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கும் டோவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் சர்ச் ஹாலில் பார்த்தேன். ஆரம்பத்தில் விமானத் தாக்குதல் சைரனைப் போட்டார்கள். என் பக்கத்தில் இருந்த எண்பதை நெருங்கிய அம்மா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டு ஆரம்பித்த பிறகும் விடவில்லை.

இடைவேளையில் டீ குடிக்கும்போது சொன்னார். 1939 செப்டம்பரில் குண்டுவீச்சுக்குப் பயந்து நகரங்களிலிருந்து 15 லட்சம் பேரை, பெரும்பாலும் குழந்தைகளை, கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அதில் அவரும் ஒருவர். வயது ஆறு. கோட்டில் பெயர்ச் சீட்டு, தோளில் அட்டைப்பெட்டியில் விஷவாயு முகமூடி. ரயிலடியில் அவருடைய அம்மா அழவில்லையாம். "வீட்டுக்குப் போய் அழுதிருப்பாள்" என்றார். எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மெட்ராஸே காலியானபோது, கைக்குழந்தையோடு கும்பகோணம் ரயிலில் நின்றுகொண்டே போனவள் அவள்.

அந்தப் பாடல்களைக் கவனித்துக் கேளுங்கள். எதிரியை வெல்வோம் என்று முழங்குபவை குறைவு. ஜனங்கள் மனசில் தங்கியவை எல்லாம் காத்திருப்பதைப் பற்றியவை. 1939இல் வந்த 'வீ வில் மீட் அகைன்' பாட்டில் துப்பாக்கியே கிடையாது. பிரிகிறோம், எங்கே எப்போது என்று தெரியாது, ஆனாலும் பார்ப்போம், அவ்வளவுதான். டோவரின் வெள்ளைப் பாறைகளைப் பற்றிய பாட்டும் அப்படியே. அதில் நீலப்பறவைகள் வரும். இங்கிலாந்தில் அந்தப் பறவையே இல்லை, எழுதியவர் அமெரிக்கர். ஆனால் அன்று ஹாலில் இருந்த யாருக்கும் அது குறையாகப் படவில்லை. ஒருநாள் வரும் என்று நம்புவதற்கு அவர்களுக்கு ஒரு பறவை வேண்டியிருந்தது.

இந்த இரண்டு பாட்டுகளையும் பாடிப் பேர்பெற்ற ஆங்கிலப் பாடகி வெரா லின் 1941இல் பி.பி.சி. வானொலியில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு வந்து, எங்கோ போர்முனையில் இருக்கும் தகப்பனுக்கு ரேடியோவில் சேதி சொல்வார். 'இப்படி உருகி உருகிப் பாடினால் சிப்பாய்களுக்கு வீட்டு ஞாபகம் வந்து வீரம் போய்விடும்' என்று பெரிய மனிதர்கள் குறை சொன்னார்கள். வீட்டு ஞாபகம்தான் அவர்களைத் தாங்கியது என்பது என் கட்சி.

ஜெர்மன் பாட்டான 'லிலி மார்லீன்' கதை இன்னும் உருக்கம். 1915இல் போர்முனைக்குப் புறப்பட்ட ஒரு சிப்பாய் எழுதிய கவிதை, 1938இல்தான் இந்த மெட்டு வந்தது. 1941 முதல், ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்த பெல்கிரேடு வானொலி இரவுதோறும் பத்து மணி வாக்கில் ஒலிபரப்ப, வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் கேட்டார்கள். பகலில் சுட்டுக்கொண்டவர்களுக்கு ராத்திரியில் ஒரே பாட்டு. அதைப் பாடாமல் விடும் நிகழ்ச்சி எனக்குப் பாதி நிகழ்ச்சிதான்.

கொடியை ஆட்டுவது உங்களுக்குப் பிடிக்காவிட்டால் ஆட்டாதீர்கள். நானும் ஆட்டவில்லை. ஆனால் பாடினேன்.

கேள்வி: என் தாத்தா பர்மா சண்டையில் இருந்தவர். இந்தப் பாட்டுகளுக்கும் நம் ஆட்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
- ஒரு வாசகர், வேலூர்

பதில்: உண்டு. 1944இல் வெரா லின் இந்தியா வழியாகப் பர்மா போர்முனைக்கே போனார். அப்போது வயது 27. கூட ஒரு பியானோ கலைஞர், லாரியில் ஒரு சின்ன பியானோ. புழுக்கத்தில் வியர்த்து வழிய முகாம் முகாமாகப் பாடினார், ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாக உட்கார்ந்து பேசினார். பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் ஸ்லிம்மின் 14ஆம் படை அது. 'மறக்கப்பட்ட படை' என்று தங்களையே சொல்லிக்கொண்டார்கள். அதில் பெரும்பாலானோர் இந்தியர்கள். காட்டில் சாலையும் பாலமும் போட்டதில் ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்களின் கை பெரிது.

நான் பார்த்த நிகழ்ச்சியின் முதல் பாதியில் பர்மா என்ற பேரே வரவில்லை. மனசு கேட்கவில்லை, இடைவேளையில் போய்ச் சொன்னேன். இரண்டாம் பாதியில் தொகுப்பாளர், "இந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து 25 லட்சம் பேர் வந்தார்கள்" என்று ஒரு வரி சேர்த்தார். ஹாலே கை தட்டியது. உங்கள் தாத்தாவுக்கும் சேர்த்துத்தான் அது. அவர் போட்டோ வீட்டில் இருந்தால் பின்பக்கம் ஊர், வருஷம், படைப்பிரிவு மூன்றையும் இன்றைக்கே எழுதி வையுங்கள்.

கேள்வி: பள்ளி விழாவில் 'வீ வில் மீட் அகைன்' பாடச் சொல்லியிருக்கிறார்கள். கர்நாடக சங்கீதம் கற்றவள் நான். எப்படிப் பாடுவது?
- ஒரு மாணவி, கோவை

பதில்: கமகம் வேண்டாம், சுரங்களை அசைக்காமல் நேராகப் பாடு. சுருதியை உன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறக்கிக்கொள். ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைக்குத் தெளிவாகக் கேட்கட்டும், வெரா லின்னின் பலமே அதுதான். முதல் தடவை நீ தனியாகப் பாடு. இரண்டாம் தடவை குரலைத் தணித்து, சபையைப் பாட விடு.