ககிகோரி ஏன் பஞ்சு போல இருக்கிறது? வீட்டில் ஏன் மணலாகிவிடுகிறது?

பனிச்சீவலில் பாகு ஊற்றி உண்ணும் ஜப்பானியக் கோடைப் பண்டமான ககிகோரியில் பனிக்கட்டியை நொறுக்குவதில்லை. கூரிய தகட்டால் இழைக்கிறார்கள். மிக்ஸியில் அடித்தால் துகள்தான் கிடைக்கும்.

பெரும்பாலானோர் தவறுவது வெப்பநிலையில்தான். ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் கட்டி கடினமாக இருக்கும், இழைத்தால் பொடியாக உதிரும். 10 முதல் 20 நிமிடம் வெளியே வையுங்கள். வெண்பூச்சு மறைந்து, மேற்பரப்பு ஈரமாகப் பளபளத்ததும் இழையுங்கள். மெல்லிய ஏடுகளாக விழும்.

கண்ணாடி போன்ற கட்டி வேண்டுமா? மூடியில்லாத தெர்மோகோல் பெட்டியில் தண்ணீரை உறையவிடுங்கள். உறைதல் மேலிருந்து இறங்கும். காற்றும் உப்புகளும் அடியில் தங்கும். முழுதும் உறையுமுன் எடுத்து, அடிநீரைக் கொட்டிவிடுங்கள்.

பாகு குளிர்ந்திருக்க வேண்டும், சூடாக ஊற்றினால் குவியல் அமுங்கிவிடும். பாதிக் கிண்ணத்தில் ஒருமுறை, மேலே ஒருமுறை ஊற்றுங்கள். மாட்சா (பச்சைத் தேயிலைத் தூள்) பாகும் இனிப்புச் சிவப்புப் பயறும் அருமையான சேர்க்கை. ஜப்பானின் ககோஷிமா பகுதியின் ககிகோரி வகையான ஷிரோகுமாவில் கெட்டிப்பாலும் பழங்களும் சேரும்.