கேள்வி நேரம்: ‘வீரிய ஒட்டு’ என்றால் போதை வீரியமா?

‘ஹைபிரிட் கஞ்சா பிடிபட்டது’ என்று அடிக்கடி செய்தி வருகிறது. நாங்கள் ஆமணக்கில் போடும் வீரிய ஒட்டு ரகம் மாதிரிதானா இதுவும்? அதனால்தான் போதை கூடுதலா?
– வாசகர், வாழப்பாடி

‘வீரியம்’ என்ற சொல்தான் குழப்புகிறது. ஒட்டு ரகத்தில் அது செடியின் வளர்ச்சியையும் விளைச்சலையும் குறிக்கும். போதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. விமான நிலையங்களில் பிடிபடுவதாகப் படிப்பது பெரும்பாலும் ‘ஹைட்ரோபோனிக்’ கஞ்சா. மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் வளர்த்தது என்பதுதான் அதன் பொருள். அது வளர்ப்பு முறை, ரகமல்ல.

ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தின் ஒய்.ஆர்.சி.எச். 1 ஆமணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் பூ மிகுந்த தாய் வரிசையையும் ஆண் வரிசையையும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்த்து எடுத்த விதை அது. அதனால்தான் காடு முழுக்க ஒன்றுபோல் நிற்கிறது. விளைந்த விதையையே எடுத்து அடுத்த போகம் போட்டால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று வரும். சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் ஹைபிரிட் என்று விற்கும் கஞ்சா பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேராது. பல தலைமுறையாகக் கண்டபடி கலந்த கலவை அது. குணம் மாறாமல் வேண்டுமென்றால் மரவள்ளிக்குக் கரணை வைப்பதுபோல் தாய்ச்செடியின் துண்டிலிருந்துதான் பெருக்குகிறார்கள்.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் கஞ்சாச் செடிக்குக் கன்னாபிஸ் சட்டைவா என்று பெயர் வைத்தார். இன்னொரு தாவரவியலாளர் லமார்க் இந்தியாவிலிருந்து போன செடியைப் பார்த்து 1785இல் இண்டிகா என்றார். இன்றைய வியாபாரப் பேச்சில் சட்டைவா என்றால் உயரம், ஒல்லியான இலை, நீண்ட பூப்புக்காலம். இண்டிகா என்றால் குட்டை, அகன்ற இலை. நடுவில் விழுவதெல்லாம் ஹைபிரிட். தோற்றத்துக்கு இது ஓரளவு பொருந்தும். பரம்பரைக்குப் பொருந்தாது. 2015இல் கனடா ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்தபோது, ஒட்டியிருந்த பெயருக்கும் உள்ளே இருந்த வம்சத்துக்கும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை.

போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். அதே செடியில் உள்ள இன்னொரு பொருளான சி.பி.டி. போதை தராது. செடி இவற்றில் எதைக் கூடுதலாக உண்டாக்கும் என்பதைப் பெரும்பாலும் ஒரே மரபணு இடம் தீர்மானிக்கிறது. டி.எச்.சி. வகையையும் சி.பி.டி. வகையையும் சேர்த்தால் முதல் தலைமுறையில் இரண்டும் கலந்தே வரும். அதன் பிள்ளைகளில் 1:2:1 என்று பிரியும்: கால்வாசி டி.எச்.சி. வகை, பாதி கலப்பு, கால்வாசி சி.பி.டி. வகை. ஆக, ஒட்டுச் சேர்த்தால் போதை குறையவும் கூடும். இன்றைய சரக்கில் டி.எச்.சி. ஏறியிருப்பதற்குக் காரணம், டி.எச்.சி. தங்கும் பிசின் மிகுந்த செடிகளையே திரும்பத் திரும்பப் பொறுக்கியெடுத்தது.

வாசனையை வைத்தும் அளக்க முடியாது. காரமான வாடையில் காரியோஃபிலீன் என்ற வாசனைப் பொருளுக்குப் பங்குண்டு. ஏற்காட்டில் சில்வர் ஓக்கில் ஏறி நிற்கும் மிளகிலும் அதேதான் இருக்கிறது!

சத்து மாவுக்காக ஆன்லைனில் ‘ஹெம்ப்’ விதை வாங்கினேன். மீதியைத் தோட்டத்தில் விதைக்கலாமா?
– வாசகி, ஆத்தூர்

சாப்பிடலாம், விதைக்கக் கூடாது. ஹெம்ப் என்பது டி.எச்.சி. குறைந்த கஞ்சா வகைதான். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் இந்த விதையை உணவாக அனுமதித்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் டி.எச்.சி.க்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. விதைக்குள் டி.எச்.சி. கிடையாது என்றே சொல்லலாம். பூவின் பிசின் தோலில் ஒட்டி வருவதற்குத்தான் இந்த வரம்பு. தோல் நீக்கிய பருப்பு எப்படியும் முளைக்காது. முழு விதை முளைத்தால்தான் வம்பு. அரசு அனுமதியில்லாமல் ஒரு செடி வளர்த்தாலும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், பிரிவு 20இன்படி 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘இது ஹெம்ப் வகை’, ‘ஹைபிரிட்’ என்று அங்கே வாதாட இடமில்லை. சட்டம் பார்ப்பது செடியை.

வரப்போரம் தானாக முளைத்த செடி கஞ்சா போல் இருக்கிறது. புளிச்சகீரை என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர்.
– வாசகர், ஓமலூர்

அவர் சொல்வது சரியாக இருக்கலாம். நார் எடுக்கும் புளிச்சைக்கு ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ் என்று பெயர் வந்ததே இலைச் சாயலால்தான். ஓர் இலையைப் பறித்து அடிப்பக்கம் பாருங்கள். புளிச்சையில் விரல்கள் அடியில் ஒட்டியிருக்கும், ஒரே இலைதான் பிளந்திருக்கிறது. கஞ்சாவில் 5, 7, 9 என்று சிற்றிலைகள் காம்பின் நுனியிலிருந்து தனித்தனியாகப் பிரியும். தண்டைத் தடவினால் புளிச்சை சிறு முள்ளாகக் குத்தும். பூத்துவிட்டால் சந்தேகமே இல்லை: புளிச்சைக்கு வெண்டைப் பூ மாதிரி வெளிர் மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. கஞ்சாவுக்கு இதழே கிடையாது.

கஞ்சாதான் என்று தெரிந்தால் பிடுங்கி வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். உங்கள் நிலத்தில் யாரோ பயிரிட்டிருப்பது தெரிந்தும் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டால் பிரிவு 46இன்படி நிலத்துக்காரர்தான் பொறுப்பு. அன்றைக்கே காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.