எச்பிவி வைரசும் கர்ப்பப்பை வாயின் எதிர்ப்பும்: மும்பைத் தமிழ்ப் பெண்களின் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

தாராவியிலிருந்து ஒரு வாசகி: எனக்கு எச்பிவி 16 இருப்பதாகப் பரிசோதனையில் வந்திருக்கிறது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லையே, டாக்டர்?

எச்பிவி 16 என்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஒரு வைரஸ் வகை. இது ரத்தத்தில் கலந்து பரவுவதில்லை, அம்மா. கர்ப்பப்பை வாயின் மேல்தோலில் உண்டாகும் நுண்ணிய சிராய்ப்பு வழியாக அடியடுக்குச் செல்களுக்குள் புகுந்து, அவை முதிர்ந்து மேலே வரும்போது தானும் பெருகி, உதிரும் செல்களோடு வெளியேறிவிடுகிறது. செல்லை உடைக்காததால் அழற்சியோ காய்ச்சலோ வருவதில்லை. ஆகவே ரத்த முடிவை வைத்து நிம்மதி கொள்ள வேண்டாம்.

மாட்டுங்காவிலிருந்து: அப்படியானால் உடல் இதை எப்படி விரட்டுகிறது?

அந்த இடத்திலேயே போராடித்தான். மேல்தோலில் காவல் காக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் வைரசின் புரதத்தைப் பிடித்து, நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோய், டி செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தொற்று அடங்கிவிடுகிறது. ஆனால் வைரசும் சும்மா இருப்பதில்லை. அதன் இ6, இ7 புரதங்கள், வைரசுக்கு எதிராக உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்னும் பொருளை அடக்குகின்றன. லாங்கர்ஹான்ஸ் செல்களின் எண்ணிக்கையும் குறைகிறது. பயாப்சிக்காக எடுத்த திசுத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் இந்தப் போராட்டம் தெரியும்: மறைந்துவரும் புண்களில் (வைரசால் மாறிய பகுதிகளில்) தொற்றிய செல்களைக் கொல்லும் சிடி8 டி செல்கள் மேல்தோலுக்குள்ளேயே நுழைந்திருக்கும், நீடிக்கும் புண்களில் அவை பெரும்பாலும் அடித்திசுவிலேயே தங்கிவிட, எதிர்ப்பை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் மிகுந்திருக்கும். செல்களின் எண்ணிக்கையைவிட அவை நிற்கும் இடமே முக்கியம் என்பது என் கருத்து.

செம்பூரிலிருந்து: எதிர்ப்புச் சக்திக்கு மாத்திரை உண்டா?

வைரசைப் போக்குவதாக நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. புகைபிடித்தால் நிறுத்திவிடுங்கள், கர்ப்பப்பை வாயின் லாங்கர்ஹான்ஸ் செல்களைப் புகை குறைக்கிறது. எச்ஐவி உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு என்பதால், அவர்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

முலுண்டிலிருந்து: மகளுக்கு 12 வயது. அவளோடு நானும் தடுப்பூசி போட்டால் என் தொற்று போய்விடுமா?

போகாது. தடுப்பூசி எல்1 என்னும் வெளியுறைப் புரதத்துக்கு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அது ரத்தத்திலிருந்து கர்ப்பப்பை வாய்க்குக் கசிந்து வந்து, புதிதாக வரும் வைரசைத் தடுக்கும். ஏற்கெனவே தொற்றிய அடியடுக்குச் செல்களில் எல்1 இல்லாததால் அவற்றை அதனால் தொட முடியாது. மகளுக்கு இதுவே சரியான வயது; தயங்காமல் போடுங்கள். புனேயில் தயாராகும் செர்வாவேக் என்னும் எச்பிவி தடுப்பூசி 2023இல் வந்துவிட்டது.

மீண்டும் தாராவியிலிருந்து: கர்ப்பப்பை வாயில் வினிகர் தடவிப் பார்க்கும் பரிசோதனையை நம்பலாமா?

நம்பலாம். நம் மும்பைக் குடிசைப் பகுதிகளிலேயே டாடா நினைவு மருத்துவமனை சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய நீண்ட ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே இதைச் செய்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 31 சதவீதம் குறைந்தது. ஆனால் எச்பிவி 16 என்று முடிவு வந்துவிட்ட உங்களுக்கு அடுத்த படி, கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் கால்போஸ்கோபி. சிஐஎன் 1, அதாவது செல்களில் லேசான மாற்றம் என்றால் பெரும்பாலும் கண்காணித்தால் போதும். சிஐஎன் 3, அதாவது புற்றுநோய்க்கு முந்தைய கடுமையான மாற்றம் என்றால் காத்திருக்காமல் சிகிச்சை எடுக்க வேண்டும். முடிவுத் தாளோடு இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், அம்மா.