கூடிப் பேசினால் யோசனை பிறக்குமா?

கேள்வி: சுங்குடிச் சேலைக்குப் புதிய வடிவமைப்பு வேண்டுமென்று கடையில் எல்லோரும் கூடிப் பேசினாலும், பழைய யோசனைகளே வருகின்றனவே, ஏன்? – வாசகி, செல்லூர், மதுரை.

பதில்: முதலாளி வாய் திறந்ததுமே மற்றவர்களின் சிந்தனை அவர் பின்னால் போய்விடுகிறது, தம் முறைக்குக் காத்திருப்பவருக்கோ நினைத்ததே மறந்துவிடுகிறது. 1958-இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வொன்றில், நால்வர் கூடிச் சொன்னவற்றைவிட, தனித்தனியே சிந்தித்த நால்வரின் யோசனைகளைத் தொகுத்தபோதுதான் எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. ஆகவே, புள்ளிகளில் சாயம் ஏறாதிருக்கத் துணியில் முடிச்சுப் போடும் பெண்கள் உட்பட (அவர்களைத்தான் யாரும் கேட்பதில்லை) ஒவ்வொருவரும் முதலில் தனியே எழுதித் தரட்டும். கேள்வியும் குறுகலாக இருக்கட்டும்: முதல் சாயத்துக்குப் பின் சில முடிச்சுகளை மட்டும் அவிழ்த்து இரண்டாம் சாயத்தில் தோய்த்தால் முந்தானையில் என்னென்ன செய்யலாம் என்று கேளுங்கள். குறை சொல்வதை மறுநாளுக்கு ஒத்திவையுங்கள்.