பால் தயிராகும் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல கேன், மே, வில் இவற்றில் எது?

மோடல் வினை என்பது முதன்மை வினைக்கு முன்னால் நின்று, அந்தச் செயல் எவ்வளவு உறுதி என்று காட்டும் துணைவினை. மாறுவதை 'டர்ன் இன்டு' சொல்லிவிடும். உறுதியின் அளவை மோடல்தான் சொல்ல வேண்டும்.

உறை ஊற்றிய பாலை எடுத்துக்கொள்ளுங்கள். பாலுக்குத் தயிராகும் தன்மை உண்டு: 'மில்க் கேன் டர்ன் இன்டு கர்ட்'. விடிந்தால் தயிர், சந்தேகமில்லை: 'வில் டர்ன்'. குளிர் அதிகம், உறையுமோ என்னவோ: 'மே டர்ன்' அல்லது 'மைட் டர்ன்'. மூடியைத் திறக்காமல் வாசனையை வைத்தே ஊகித்தால்: 'மஸ்ட் ஹேவ் டர்ன்ட்'.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மோடலை அடுத்து வரும் வினை மூல வடிவிலேயே இருக்கும். 'கேன் டர்ன்ஸ்', 'வில் பிகேம்' இரண்டுமே பிழை.

'குட்' (could) என்றாலே இறந்தகாலம் என்று நினைப்பதும் தவறு: 'இட் குட் டர்ன் இன்டு கர்ட் பை மார்னிங்' நாளைக் காலைக்கான வாய்ப்பையே சொல்கிறது.